ஜிபாருக்கு இன்னும் சொல்லவில்லை

கோச்கோர்
செப்டம்பர் 16, 2020

உன் கடிதத்தை வாசித்தபோது இருந்தவர்கள்: சுவரில் தலையணை முட்டுக் கொடுத்துச் சாய்ந்தபடி அத்தா, ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் காலுறையுமாக வாசலிலேயே நின்றுவிட்ட உன் அண்ணன் எசென், அடுப்படியில் என் மகள் நூரயிம், வாசித்த நான். ஆக நால்வர். பூனையையும் சேர்க்கச் சொன்னாள் நூரயிம். சேர்க்கவில்லை.

அன்பு ஜிபாருக்கு, உன் அண்ணி சைராகுலின் ஸலாம். அல்லாஹ் உன் உடம்பையும் அந்த மலைமேல் பள்ளிக்கூடத்தையும் காக்கட்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். உன் தொண்டை எப்படி இருக்கிறது?

இங்கே ஜூலையில் வந்த நோய் போய்விட்டது, அத்தாவின் நெஞ்சில் விசிலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. காலையும் மாலையும் அவர் மூச்சை எண்ணி நோட்டில் குறிக்கிறேன். நேற்றுக் காலை நிமிடத்துக்கு இருபத்திரண்டு, மாலை இருபத்து நாலு. உன் கடிதத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "இது பள்ளிக்கூடத்துக் காகிதமா? அரசாங்கக் காகிதத்துல அத்தாவுக்கு எழுதக் கூடாதுன்னு சொல்லு அவகிட்ட" என்றார். பிறகு மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

இதை ரொட்டி வண்டி பாக்தியாரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வியாழன் ஏறி வெள்ளி இறங்குகிறார். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தாதே. நான் பள்ளிக்கூடம் போகாமல் உன் பழைய புத்தகங்களில் எழுத்துக் கூட்டியவள்.

அண்ணி சைராகுல்


சரி-தோர்
செப்டம்பர் 24

அண்ணிக்கும் அத்தாவுக்கும் அண்ணனுக்கும் நூரயிமுக்கும், இந்த முறை பூனைக்கும் ஸலாம். காலையும் தொண்டையையும் தவிர நான் நலம்.

முதல் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் மட்டும் பள்ளிக்கு வரலாமாம். மீதி இருபத்தாறு பேரும் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியிலும் போனிலும் படிக்க வேண்டுமாம். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தச் சேனல் தெரியாது. போனுக்குக் குதிரையில் ஒரு மணி நேரம் போய் மேட்டில் ஏற வேண்டும், அதுவும் தலைமையாசிரியர் ஜோல்தோஷிடம் இருக்கும் ஒரே போன். அதனால் பாடத்தைக் கையால் எழுதி வீடு வீடாகக் கொடுக்கிறேன். பத்தொன்பது வீடு. குல்சுன் டீச்சர் ஜூலையில் நுரையீரல் கெட்டு இறங்கியவர் இன்னும் ஏறவில்லை. அவர் வகுப்புகளும் என்னிடம்தான்.

சபீரா என்று ஒருத்தி, மூன்று பிள்ளைக்காரி, வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கேட்கிறாள்: "டீச்சரம்மா, பாடத்த மட்டும்தான் குடுக்குறீங்களா, இல்ல நோயும் சேத்தா? அந்த வேலியில செருகிட்டுப் போங்க." செருகிவிட்டு வந்தேன். மறுநாள் அவள் முற்றத்து அடுப்பில் என் கையெழுத்து எரிந்துகொண்டிருந்தது.

தினமும் மாலை நாலு மணிக்கு அந்த மேட்டிலிருந்து போனில் மாவட்டத்துக்கு அறிக்கை போக வேண்டும். "இருபத்தாறு மாணவருக்கும் பாடம் சென்றடைந்தது" என்று எழுதுகிறேன். பொய்யில்லை. வீடுவரை சென்றடைந்தது.

கை முழுக்க கிருமிநாசினி வெடிப்பு. பேனா பிடிக்கும் இடத்தில் மட்டும் எரிகிறது. அத்தாவின் மூச்சுக் கணக்கைத் தவறாமல் எழுதுங்கள்.

ஜிபார்


கோச்கோர்
அக்டோபர் 7

அன்பு ஜிபாருக்கு ஸலாம். கைக்கு ஆட்டுக் கொழுப்பு தடவு. ஒரு டப்பாவில் அனுப்பியிருக்கிறேன்.

வாசித்தபோது இருந்தவர்கள் அதே நால்வர். அத்தாவின் மூச்சு காலை இருபத்தெட்டு, மாலை முப்பது. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போக எசென் வண்டி பார்த்தார். அத்தா கம்பளிக்குள் முகத்தை மூடிக்கொண்டார். "ஜூலையில என்கூடப் போனவங்க எத்தன பேரு திரும்புனாங்க, எண்ணிச் சொல்லு மருமகளே, நீதான் எண்ணுறவளாச்சே" என்றார்.

ஒரு நாளைக்கு வந்து முகம் காட்டிவிட்டுப் போக முடியுமா? இதை நானாகத்தான் கேட்கிறேன். அத்தாவிடம் "ஜிபாரக் கூப்பிடவா?" என்றேன். "வேலை பாக்குற பிள்ளைய நோயாளி கூப்பிடக் கூடாது" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தொழுதுவிட்டு வந்தேன், அப்போதும் தூங்கவில்லை. "அந்த ரொட்டி வண்டியில ஆள் உக்கார இடம் இருக்குமா?" என்று கேட்டார்.

அண்ணி


சரி-தோர்
அக்டோபர் 15

அண்ணிக்கு ஸலாம். கொழுப்பு வந்தது, கை ஆறுகிறது.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவரும் பாவம், காலையில் வாசலில் நின்று பிள்ளைகள் நெற்றியில் வெப்பமானி வைக்கிறார், பிறகு அடுப்புக்கு வறட்டி உடைக்கிறார், பிறகு எனக்கு மேலதிகாரி ஆகிறார். "போயிட்டு வாங்க டீச்சர், நான் எப்படி வேணாம்னு சொல்ல? ஆனா கீழ போனவங்க திரும்ப வந்தா பதினாலு நாள் தனியா இருக்கணும். அதுக்கும் ஊர்ப் பெரியவங்க வழி விடணும். பாதையில மரத்த வெட்டிப் போட்டிருக்காங்க, ரொட்டி வண்டிக்கு மட்டுந்தான் நகத்துறாங்க. நீங்க இல்லன்னா நானே மணியடிச்சு நானே பெஞ்சுல உக்காந்துக்குறேன்" என்றார்.

அண்ணி, போன வாரம்தான் இங்கே நோய் இல்லை என்று சொல்லி எல்லா வகுப்பையும் திறக்க அனுமதித்தார்கள். முப்பத்தொரு பேரும் வந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஆதில் என்று ஒரு பையன், சபீராவின் மகன், வாசிக்கவே மறந்துவிட்டான். எழுத்தைப் பார்த்து அடையாளம் தெரியாத உறவினரைப் பார்ப்பதுபோல விழிக்கிறான். இந்த நேரத்தில் நான் இறங்கிப் பள்ளியைப் பூட்டினால் இந்த வருடம் திறக்காது.

டிசம்பர் முப்பதாம் தேதி விடுமுறை. அன்றே இறங்கிவிடுவேன். அத்தாவிடம் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

ஜிபார்


கோச்கோர்
நவம்பர் 4

சரி-தோர் பள்ளித் தலைமையாசிரியர் ஜோல்தோஷ் அவர்களுக்கு ஸலாம். உங்கள் வீட்டாரும் கால்நடைகளும் நலமா? நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. உங்கள் பள்ளி ஆசிரியை ஜிபாரின் அண்ணன் மனைவி நான்.

நவம்பர் 2, திங்கட்கிழமை, ஃபஜ்ர் தொழுகைக்குச் சற்று முன் என் மாமனார், ஜிபாரின் தகப்பனார் தொக்தோசுன் இறந்துவிட்டார். நேற்று அடக்கம் செய்தோம். ஜனாஸா தொழுகையில் நின்றவர்கள் பதினொருவர். அதற்குமேல் அனுமதி இல்லை. என் கணவர் அன்றிரவே காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் எழுந்து வந்தாலும் உங்கள் ஊர் மரம் வழிவிடாது.

தனியாக இருக்கும் பெண்ணுக்குச் சாவைக் காகிதத்தில் சொல்வது நம் வழக்கத்தில் இல்லை. உங்களுக்கே தெரியும். இரண்டு மூத்த பெண்கள் இருபுறமும் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள, ஊரில் மதிப்புள்ள ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அவளுக்கு அங்கே உங்களைவிட்டால் மூத்தவர் இல்லை. தயவுசெய்து நீங்கள் சொல்லுங்கள். சொன்ன பிறகு அழ விடுங்கள். பிறகு அனுப்பிவையுங்கள்.

சைராகுல்


சரி-தோர்
நவம்பர் 6

சகோதரிக்கு ஸலாம். அத்தாவின் மண் அவருக்கு மென்மையாக இருக்கட்டும். உங்கள் கணவர் சீக்கிரம் எழுந்திருக்கட்டும்.

செய்தி உங்கள் கடிதத்துக்கு முன்பே ரொட்டியோடு மேலே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தெரியும், ஜிபாரைத் தவிர. யாரும் அவரிடம் மூச்சு விடமாட்டார்கள். உரிய ஆள் சொல்லும்வரை காத்திருப்பார்கள். உரிய ஆள் நான்தான் என்று எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாம் தேதி மாவட்டத்திலிருந்து ஆய்வுக்குழு வருகிறது. வெப்பநிலை நோட்டு, கிருமிநாசினி நோட்டு, வருகைப் பதிவேடு, எல்லாம் ஜிபார் டீச்சர் கையில். ஒன்று குறைந்தாலும் பள்ளியை மறுபடி மூடச் சொல்லிவிடுவார்கள். மேலும் ஒரு வீட்டில் நாலு பேரைக் கூட்டுவதும் கூட்டம்தான் என்கிறது உத்தரவு. ஆய்வு முடிந்த மறுநாள் சொல்லிவிடுகிறேன். ஏழு நாள் பொறுங்கள்.

ஜோல்தோஷ்


கோச்கோர்
நவம்பர் 11

அன்பு ஜிபாருக்கு ஸலாம். நீ நலமா? குளிருக்கு இரண்டு காலுறை போடு.

எசெனுக்குக் காய்ச்சல் வந்து இறங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. நூரயிம் வகுப்புக்குப் போகிறாள். முதல் பனி விழுந்துவிட்டது.

அத்தாவுக்கு இப்போது இருமல் இல்லை. மூச்சுத் திணறலும் இல்லை. அதனால் நோட்டில் எண்ணிக் குறிப்பதை நிறுத்திவிட்டேன். நீ டிசம்பர் முப்பதாம் தேதி வருவதை அவரிடம் சத்தமாகச் சொல்லியிருந்தேன், கேட்டுத் தலையசைத்தார்.

தொழுகையை விடாதே. அவருக்காக துஆ செய்.

அண்ணி


சரி-தோர்
நவம்பர் 19

அண்ணிக்கு ஸலாம். இருமல் நின்றது என்று வாசித்ததும் பெஞ்சில் தலை வைத்து ஐந்து நிமிடம் தூங்கிவிட்டேன். பல நாள் கழித்து வந்த தூக்கம்.

ஆய்வுக்குழு வந்து போயிற்று. மூன்று பேர், மூன்று முகக்கவசம். யாரும் ஒரு பிள்ளையைக்கூட வாசிக்கச் சொல்லவில்லை. ஒருவர் சோப்பைத் தூக்கிப் பார்த்தார். "இது ஏம்மா பாதி தேஞ்சிருக்கு?" "பிள்ளைங்க கை கழுவுறாங்க சார்." "அப்ப முழு சோப்பு எங்க?" "அதுதான் சார் இது." அதையும் எழுதிக்கொண்டார். பள்ளி தப்பித்தது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஊரார் திடீரென்று என்னிடம் மென்மையாகிவிட்டார்கள். வேலியில் செருகச் சொன்ன சபீரா ஒரு கிண்ணம் வறுத்த இறைச்சி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். கடையில் வரிசையில் நின்றால் முன்னே விடுகிறார்கள். நேற்று ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். பாக்தியாரிடம் ஊர்க்கதை கேட்டால் டயரைக் குனிந்து பார்க்கிறார். நான் அவ்வளவு களைத்தா தெரிகிறேன்?

அத்தா கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாரா? இந்த முறை வாசித்தபோது இருந்தவர்களை நீங்கள் எழுதவில்லை.

ஜிபார்


கோச்கோர்
நவம்பர் 25

தலைமையாசிரியருக்கு ஸலாம்.

ஏழு நாள் என்றீர்கள். இன்று அத்தா இறந்து இருபத்து நாலாவது நாள். டிசம்பர் 11, வெள்ளிக்கிழமை, நாற்பதாம் நாள். அதற்குமுன் மகளுக்குத் தெரியாவிட்டால் அவள் முகத்தில் நாங்கள் எப்படி விழிப்போம்? எந்த நாள், எந்த நேரம் சொல்லப் போகிறீர்கள் என்று குறித்து எழுதுங்கள்.

சைராகுல்


சரி-தோர்
நவம்பர் 27

சகோதரிக்கு ஸலாம்.

மூன்று முறை போனேன். முதல் முறை இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வகுப்பு முடிந்ததும் போனேன். அவர் ஆதில் என்ற பையனை வாசிக்க வைத்துக்கொண்டிருந்தார். "சார், நல்ல நேரத்துல வந்தீங்க, இவன் வாசிக்கிறதக் கேளுங்க" என்றார். பையன் ஒரு பக்கம் முழுக்க வாசித்தான். கை தட்டிவிட்டு வந்துவிட்டோம். இரண்டாம் முறை வாசலில் என்னைப் பார்த்ததுமே அறிக்கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு குதிரையேறிவிட்டேன். மூன்றாம் முறை கதவைத் தட்டவே இல்லை.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. சொன்னால் அவர் இறங்குவார். இறங்கினால் பெரியவர்கள் ஏறவிடமாட்டார்கள். ஜனவரியில் கணவாய் மூடிவிடும். முப்பத்தொரு பிள்ளைகளை ஒரு தட்டிலும் உங்கள் துக்கத்தை ஒரு தட்டிலும் வைத்துப் பார்த்தேன். வைத்தது தவறு என்று தெரிந்தேதான் வைத்தேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இந்த வருடம் உத்தரவை எல்லாம் நிறைவேற்றிவிட்டேன், இது ஒன்று முடியவில்லை.

நீங்களே எழுதிவிடுங்கள். கடிதம் அவர் கைக்குப் போகும் நேரத்தில் இரண்டு பெண்கள் பக்கத்தில் இருப்பார்கள். அதை மட்டும் என்னால் செய்ய முடியும்.

ஜோல்தோஷ்


சரி-தோர்
டிசம்பர் 3

அண்ணிக்கு ஸலாம். அண்ணனின் காய்ச்சல் போயிற்றா? நூரயிமுக்குப் பரீட்சை உண்டா? உங்கள் முழங்கால் எப்படி?

நான் நலம். நாலு பிள்ளைகளுக்குச் சளி. தினமும் காலையில் அந்த நாலு நெற்றியிலும் நானும் ஒருமுறை வெப்பமானி வைத்துப் பார்க்கிறேன். எண் கூடினால் பள்ளி போய்விடும் என்ற பயம் முதலில் வருகிறது, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்பது பிறகுதான் வருகிறது. டீச்சராகச் சேர்ந்தபோது நான் இப்படி இல்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். அது என் அறிக்கைகள்போல இருக்கிறது, அண்ணி. ஒவ்வொரு வரியும் உண்மை. செப்டம்பரிலிருந்து தினமும் ஒன்று எழுதுகிறவளுக்கு அது தெரியாமல் போகுமா?

நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டிவரும். சொன்னால் நான் இறங்க வேண்டிவரும். ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று நானும் தள்ளிக்கொண்டிருக்கிறேனோ என்று நேற்று வறட்டி அடுக்கும்போது தோன்றியது. அதன் பிறகு அடுக்க முடியவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் அடுக்கினார்கள்.

ஜிபார்


கோச்கோர்
டிசம்பர் 9, புதன்

அன்பு ஜிபாருக்கு அண்ணி சைராகுலின் ஸலாம். இதற்குமேல் வாசிக்கும்முன் பக்கத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்களா என்று பார். இல்லையென்றால் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு பிறகு வாசி.

அத்தா இறந்துவிட்டார். நவம்பர் 2, திங்கள், விடிவதற்குமுன். முந்தின இரவு உப்புத் தேநீர் இரண்டு கரண்டி குடித்தார். மூன்றாவதை வேண்டாம் என்று கையால் தள்ளினார். வலியில் கத்தவில்லை. கலிமா சொல்லிக்கொடுத்தேன், உதடு அசைந்தது. இரண்டு பேர் மட்டும் குளிப்பாட்டினார்கள், கையுறை போட்டுக்கொண்டு. உன் அம்மாவின் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

உன்னிடம் நான் பொய் எழுதவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முஸல்லா விரித்துத் தொழ உட்கார்ந்தால் அந்தச் சமாதானம் நிற்கவில்லை. பொய்யில்லாமல் ஏமாற்றினேன். அதற்கு உன்னிடமும் அல்லாஹ்விடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று எசெனிடம் காட்டி, எழுதிச் சொல்லிவிடவா என்று கேட்டேன். "காகிதத்துல சொல்றதா? ஊரு என்ன சொல்லும்? அவ என்ன அநாதையா?" என்று எழுந்து போனார். தொழுவத்தில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "எழுது. நான் பாக்கல" என்றார். இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறார், பார்த்துக்கொண்டு.

நீ இறங்காததற்கு உன்னைக் குறை சொல்ல இந்த வீட்டில் யாரும் இல்லை. அத்தாவும் சொல்லவில்லை. கடைசி வாரம் பக்கத்து வீட்டார் விசாரித்தபோது, "என் மக மலைமேல முப்பத்தொரு பிள்ளைங்களுக்குக் காவல் இருக்கா" என்றார். அந்த எண்ணிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டியது நான்தான், ஆனால் அவர் சொன்னபோது ஏதோ ஆட்டுமந்தைக் கணக்குப்போலப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நாற்பதாம் நாள். ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஓதுகிறோம். பன்னிரண்டு பேருக்குமேல் கூட்டமாட்டோம். அடக்கத்தன்று அவருக்கு ஒப்பாரி சொல்லவில்லை. அது மகள் சொல்ல வேண்டியது. நான் இரண்டு வரி தொடங்கினேன், உன் இடத்தில் உட்கார எனக்கு மனம் வரவில்லை, நிறுத்திவிட்டேன். ஒப்பாரி இல்லாமல்தான் போனார்.

பாக்தியாரிடம் பேசிவிட்டேன். வெள்ளி காலை இறங்கும்போது முன் இருக்கை உனக்காகக் காலியாக இருக்கும். வந்தால் திரும்பிப் போக முடியாமல் போகலாம், அது எனக்குத் தெரியும். வா என்றும் சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன். வர முடியாவிட்டால், நீ அத்தாவுக்குச் சொல்ல வேண்டிய ஒப்பாரியை எழுதி அந்த இருக்கையில் வைத்து அனுப்பு. அடித்தல் திருத்தல் இருந்தாலும் பரவாயில்லை. வண்டி நண்பகலுக்குள் வந்துவிடும். நீ எழுதியதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நான் சொல்கிறேன், உன் பெயரைச் சொல்லித் தொடங்குவேன்.

நீ, அல்லது உன் கடிதம். சீக்கிரம் பதில் அனுப்பு.

அண்ணி சைராகுல்